ஜார்ஜ் வாஷிங்டன்: விஸ்கிக்கு வரி விதித்து, பின்னர் விஸ்கி வடித்த முதல் அமெரிக்க அதிபர்

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனைப் போர்த் தளபதியாகவும் அரசியல் தலைவராகவும் உலகம் அறியும். தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவர் அந்நாட்டின் மிகப் பெரிய விஸ்கி ஆலைகளுள் ஒன்றின் உரிமையாளராக விளங்கினார் என்பது பலரும் அறியாத செய்தி. விஸ்கியின் மீது வரி விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும், அவ்வரியை எதிர்த்துக் கிளர்ந்த உழவர்களை அடக்கப் படையுடன் புறப்பட்டவரும் அவரே. போர்பன், ரை என்று இன்று சுவைத்து ஒப்பிடப்படும் அமெரிக்க விஸ்கியின் தொடக்க கால வரலாறு, அவருடைய வாழ்க்கை வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

இளமையும் நிலமும்

வாஷிங்டன் 1732 பிப்ரவரி 22 அன்று வர்ஜீனியாவின் வெஸ்ட்மோர்லேண்ட் மாவட்டத்தில் பிறந்தார். 11 வயதில் தந்தை அகஸ்டினை இழந்தார். மூத்த சகோதரர்களைப் போல இங்கிலாந்து சென்று பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நில அளவைத் தொழிலைக் கற்று, 17 வயதிலேயே கல்பெப்பர் மாவட்டத்தின் நில அளவையாளரானார். தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த சகோதரர் லாரன்ஸ் 1752-இல் மறைந்தபின், பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த மவுண்ட் வெர்னன் பண்ணை 1754-இல் குத்தகையாகவும், 1761-இல் முழு உரிமையாகவும் அவர் கைக்கு வந்தது.

மதுவுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை அவர் இளமையிலேயே கண்டார். 1755-இல் வர்ஜீனியச் சட்டமன்றத் தேர்தலில் தோல்வியுற்ற அவர், 1758-இல் வெற்றி பெற்றார். அவ்வெற்றிக்கு முன் அவர் தரப்பினர் வாக்காளர்களுக்கு ரம், ஒயின், பீர் என 140 காலனுக்கும் அதிகமான மதுவை வழங்கினர். அக்காலத் தேர்தல்களில் அது வழக்கமான செலவாகவே கருதப்பட்டது.

1759-இல் மார்த்தா கஸ்டிஸ் என்ற கைம்பெண்ணை மணந்தார். புகையிலை நிலத்தின் வளத்தை உறிஞ்சியது; லண்டன் வணிகர்களிடம் கடனும் பெருகியது. எனவே 1760-களில் அவர் கோதுமைக்கு மாறினார். தானியம் அரைக்கப் பெரிய ஆலையையும் நிறுவினார். பின்னாளில் விஸ்கி ஆலை எழுந்தது இந்த மாவு ஆலையின் அருகில்தான்.

யார்க்டவுனும் திருவிதாங்கூரும்

1775-இல் விடுதலைப் படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற வாஷிங்டன், 1781 அக்டோபரில் பிரெஞ்சுப் படைகளின் துணையுடன் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் பிரபுவின் படையைச் சரணடையச் செய்தார். அதே காரன்வாலிஸ் 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். 1789 டிசம்பரில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரண் மீது திப்பு சுல்தான் தாக்குதல் தொடுத்தார். அதையொட்டி மூண்ட மூன்றாம் மைசூர்ப் போரை நடத்தி, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் முடித்தவர் அவரே.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. அவர் 1795-இல் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். பத்மநாபசுவாமி கோயிலையும் கோட்டையையும் சூழ்ந்து, வராகமூர்த்தி கோயிலும் குளமும் உள்ள ஸ்ரீவராகம் போன்ற பகுதிகளை உள்ளடக்கித் தலைநகர் உருப்பெறத் தொடங்கிய அதே ஆண்டுகளில், பொட்டோமாக் கரையில் விஸ்கி ஆலைக்கான அடித்தளம் இடப்பட்டது.

வரியும் கிளர்ச்சியும்

விடுதலைப் போருக்கு முன் அமெரிக்கர்கள் மிகுதியாக அருந்தியது ரம். அதற்கு வேண்டிய கரும்புப்பாகு கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. போரினால் கடல் வணிகம் தடைப்பட்டதும், உள்நாட்டில் விளைந்த தானியங்களிலிருந்து வடிக்கப்பட்ட விஸ்கி அந்த இடத்தைப் பிடித்தது. கிழக்கு மாநிலங்களில் குளிரையும் வறண்ட மண்ணையும் தாங்கும் ரை தானியமும், மேற்கே கென்டக்கியில் மக்காச்சோளமும் அதற்குப் பயன்பட்டன.

1789-இல் வாஷிங்டன் அதிபரானபோது புதிய நாடு போர்க் கடனில் மூழ்கியிருந்தது. நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி, 1791 மார்ச்சில் வடித்த மதுவின் மீது வரி விதிக்கும் சட்டம் நிறைவேறியது. பேரளவில் வடிப்போர் குறைந்த வீதத்தில் வரி செலுத்த வழியிருந்தது. சிறு உழவர்களுக்கோ சுமை கூடியது. அலெகேனி மலைகளுக்கு அப்பால் வாழ்ந்த அவர்கள், விளைந்த தானியத்தைக் குதிரை மேல் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு செல்வது கட்டுப்படியாகாது என்பதால் அதை விஸ்கியாக்கினர். பணப் புழக்கம் அரிதான அப்பகுதிகளில் விஸ்கியே கூலியாகவும் பண்டமாற்றுப் பொருளாகவும் இருந்தது. ஆகவே அவர்கள் கண்ணில் அது குடிக்கு விதித்த வரியாகத் தோன்றவில்லை. பிழைப்புக்கு விதித்த வரியாகவே தோன்றியது.

1794 ஜூலையில் மேற்குப் பென்சில்வேனியாவில் வரி அதிகாரி ஜான் நெவிலின் இல்லம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 வீரர்களைத் திரட்டி, தாமே படையுடன் புறப்பட்டார். பதவியில் இருந்துகொண்டே படையை நடத்திச் சென்ற அதிபர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. படை நெருங்கியதும் கிளர்ச்சியாளர்கள் கலைந்தனர். தேசத் துரோகக் குற்றம் உறுதியான இருவருக்கும் வாஷிங்டன் பின்னர் மன்னிப்பு வழங்கினார். மக்கள் மனத்தில் வெறுப்பை வளர்த்த அந்த வரி, தாமஸ் ஜெபர்சன் ஆட்சியில் 1802-இல் நீக்கப்பட்டது.

ஐந்து செம்புக் கொப்பரைகள்

1797 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து வாஷிங்டன் பண்ணைக்குத் திரும்பினார். ஸ்காட்லாந்தில் மது வடிப்பை அறிந்திருந்த பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ரை தானியமும் ஆலையும் ஆற்று நீரும் அருகருகே இருக்கையில் விஸ்கி வடிப்பதே இலாபம் தரும் என அவருக்கு எடுத்துரைத்தார். முதலில் இரண்டு கொப்பரைகளுடன் நடந்த சோதனை வெற்றி பெற்றது. பின்னர் 75 அடி நீளமும் 30 அடி அகலமும் உடைய கட்டடத்தில் ஐந்து செம்புக் கொப்பரைகளுடன் ஆலை எழுந்து, 1798-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது.

1799-இல் அங்கு ஏறத்தாழ 11,000 காலன், அதாவது சுமார் 41,000 லிட்டர் விஸ்கி வடிக்கப்பட்டது. அதன் மதிப்பு சுமார் 7,500 டாலர். வடித்தபின் எஞ்சிய சக்கை பண்ணையின் பன்றிகளுக்கும் மாடுகளுக்கும் தீவனமாயிற்று. விஸ்கியில் பெரும்பகுதி அருகிலிருந்த அலெக்சாண்டிரியா நகர வணிகர்களுக்குச் சென்றது.

வாஷிங்டனின் சொந்த விருப்பம் மதீரா ஒயினும் கறுப்பு நிறப் போர்ட்டர் பீருமே. விஸ்கி அவருக்கு வணிகம். அந்த வணிகத்தின் கடும் உழைப்பை மேற்கொண்டவர்கள் ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோத்தி என்னும் ஆறு கறுப்பின அடிமைகள். மாவைக் கொதிநீரில் கரைப்பது, புளிக்க வைப்பது, தீயைக் காப்பது, கொப்பரைகளைக் கழுவுவது என வெப்பமும் புகையும் சூழ்ந்த வேலை அவர்களுடையது. இலாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை.

ரை, போர்பன்: சுவையின் வேறுபாடு

பண்ணையின் கணக்கேடுகளின்படி அங்கு பயன்பட்ட தானியக் கலவையில் 60 விழுக்காடு ரை, 35 விழுக்காடு மக்காச்சோளம், 5 விழுக்காடு முளைகட்டிய பார்லி. இன்றைய அமெரிக்கச் சட்டப்படி, கலவையில் குறைந்தது 51 விழுக்காடு ரை இருந்தால் ரை விஸ்கி. குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருந்தால் போர்பன். இரண்டையுமே உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் வைக்க வேண்டும். வாஷிங்டனின் விஸ்கியோ பீப்பாயில் முதிராமல், நிறமற்றதாகவே விற்கப்பட்டது. தானிய அளவில் அது ரை. இன்றைய பீப்பாய் விதியின்படி ரை என்ற பெயருக்கு அது உரியதாகாது.

இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்து ஒப்பிடுவோர், மக்காச்சோளத்தால் போர்பனில் இனிப்பும் மென்மையும் மேலோங்குவதைக் காண்பர். கருகிய ஓக் மரம் அதற்கு வெண்ணிலா, காய்ச்சிய சர்க்கரைப் பாகு ஆகியவற்றின் மணத்தைச் சேர்க்கிறது. ரை விஸ்கியோ மிளகு, கிராம்பு போன்ற காரத்தையும் சற்றே உலர்ந்த முடிவையும் நாவில் விட்டுச் செல்கிறது. வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றி, முதலில் முகர்ந்து, பின்னர் சில துளி நீர் சேர்த்துச் சுவைப்பது ஒப்பிடுவோரின் வழக்கம். பீப்பாய் காணாத விஸ்கியில் மரத்தின் மணம் இராது. தானியத்தின் இயல்பான சுவையே முன்நிற்கும்.

போர்பன் என்ற சொல்லும் வாஷிங்டன் காலத்தை நினைவூட்டுவது. விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சு அரச குலத்தின் பெயர், 1785-இல் இன்றைய கென்டக்கிப் பகுதியில் அமைந்த ஒரு மாவட்டத்துக்குச் சூட்டப்பட்டது. 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அந்நாட்டுக்கே உரிய தனித்தன்மை கொண்ட பொருளாக அறிவித்தது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்குக்குப் பின் பெரிதும் நலிந்த ரை, 21-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுச்சி கண்டது.

இறுதி நாள்களும் விருப்ப ஆவணமும்

1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் மழையிலும் குதிரை மேல் பண்ணையைச் சுற்றி வந்த வாஷிங்டனுக்குத் தொண்டை நோய் கண்டது. மருத்துவர்கள் அக்கால முறைப்படி பலமுறை குருதியை வெளியேற்றியும் பயனின்றி, டிசம்பர் 14 அன்று 67 வயதில் அவர் காலமானார்.

அவ்வாண்டு மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் தமக்கு நேரடியாக உரிமையான 123 பேரை மார்த்தாவின் மறைவுக்குப்பின் விடுவிக்க வேண்டும் என வாஷிங்டன் விருப்ப ஆவணத்தில் எழுதியிருந்தார். மார்த்தா தம் மறைவு வரை காத்திராமல், 1801 ஜனவரி 1 அன்றே அவர்களை விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவரது சொத்தின் பகுதியாக வந்தவர்களை விடுவிக்கச் சட்டம் இடந்தரவில்லை. அவர்களுடைய அடிமைத்தளை தொடர்ந்தது.

உறவினர் லாரன்ஸ் லூயிஸின் கைக்குச் சென்ற ஆலை, 1814-இல் தீக்கிரையானது. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய அகழாய்வு, மண்ணில் புதைந்திருந்த அடித்தளத்தையும் கொப்பரைகள் இருந்த இடங்களையும் வெளிக்கொணர்ந்தது. அவ்விடத்திலேயே மீண்டும் கட்டப்பட்ட ஆலை 2007-இல் திறக்கப்பட்டது. பழைய கலவையில், விறகுத் தீயில் காய்ச்சி, இன்றும் அங்கு சிறிதளவில் ரை விஸ்கி வடிக்கப்படுகிறது. ஆலையைக் காண வருவோர், முதல் அதிபரின் பெயருடன், அங்கு உழைத்த அந்த ஆறு பேரின் பெயர்களையும் அறிந்து செல்கின்றனர்.