கனவுகளைத் தேடிக் காடேறிய கில்டன் ஸ்டூவர்ட்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த மாணவர்களுக்கு ஒராங் அஸ்லி மக்கள் அண்டை வீட்டார். அந்த வட்டாரத்தில் செமாய் மக்களும், அதற்கு வடக்கே பேராக், கிளந்தான் எல்லைக் காடுகளில் தெமியார் மக்களும் வாழ்கிறார்கள். இவர்களைச் சேர்த்துச் செனோய் என்பார்கள். அந்தப் பெயரை அமெரிக்கக் கல்லூரிகள் வரை கொண்டு போனவர் கில்டன் ஸ்டூவர்ட்.

1902இல் யூட்டா மாநிலத்தில் பிறந்தார். உளவியல் படித்தார். ஓரிடத்தில் கால் தரிக்காதவர். கதை சொல்வதில் கெட்டிக்காரர். கனவுகளிலும் ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயிலிலும் அவருக்குத் தீராத ஆர்வம். பிலிப்பைன்ஸ் மலைவாழ் மக்களிடம் கனவுகளைக் கேட்டறிந்த பின், 1934இல் மலாயா வந்தார். பேராக் அருங்காட்சியகத்தின் இளம் மானுடவியலாளர் பேட் நூன் அவரைத் தெமியார் குடியிருப்புகளுக்கு அழைத்துச் சென்றார். ஸ்டூவர்டுக்குத் தெமியார் மொழி தெரியாது. நூன்தான் மொழிபெயர்த்தார். தங்கியதும் சில வாரங்களே.

பிறகு போர் வந்தது. 1943இல் நூனின் உயிர் காட்டுக்குள்ளேயே போனது. ஸ்டூவர்ட் சொல்வது சரியா என்று கேட்கக்கூடிய முக்கியமான ஆள் இனி இல்லை.

1948இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டூவர்ட், 1951இல் மலாயாவின் கனவுக் கோட்பாடு பற்றிக் கட்டுரை எழுதினார். செனோய் குடும்பங்கள் தினமும் காலை உணவின்போது கனவுகளை அலசுகின்றன. கனவில் புலி வந்தால் ஓடாதே, எதிர்த்து நில் என்று பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகின்றன. அதனால் அங்கே வன்முறையும் இல்லை, மனநோயும் இல்லை என்றார். 1965இல் அவர் இறந்த பிறகுதான் இது பெரும் புகழ் பெற்றது. 1969இல் சார்லஸ் டார்ட் தொகுத்த நூலில் கட்டுரை மறுபடி வெளியாக, கலிபோர்னியாவில் இளைஞர்கள் கனவுக் குழுக்களே அமைத்தார்கள்.

ஆனால் 1960களில் செமாய் மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்த ராபர்ட் டென்டன் அப்படியொரு காலைப் பாடத்தைக் காணவில்லை. ஸ்டூவர்டின் எழுத்துகளைத் துருவிப் பார்த்த வில்லியம் டாம்ஹாஃப், 1985இல் வெளியிட்ட நூலில் அந்தக் கூற்றுகளுக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். ஸ்டூவர்ட் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் காண விரும்பிய உலகத்தை அந்தக் காட்டின் மேல் ஏற்றிவிட்டார்.

புலியை எதிர்கொள்ளும் யோசனை முழுக்க வீண் அல்ல. கெட்ட கனவின் முடிவை விழித்திருக்கும்போதே மாற்றி, மனத்துக்குள் ஒத்திகை பார்க்கும் சிகிச்சை இன்று மருத்துவர்களிடம் இருக்கிறது. அதற்கான சான்று நோயாளிகளிடம் செய்த சோதனைகளில் கிடைத்தது, செனோய் கதையில் அல்ல.

தெமியார் மக்கள் கனவை மதிப்பது உண்மைதான், வேறு விதத்தில். கனவில் வரும் ஆவி ஒரு பாட்டைக் கொடுக்கும். கண்டவர் அதை இரவுச் சடங்கில் பாட, பெண்கள் மூங்கில் குழாய்களைத் தட்டித் தாளம் போட்டபடி திரும்பப் பாடுவார்கள். 1941இல் ஒலிப்பதிவான அத்தகைய பாடல்கள் 1955இல் அமெரிக்காவில் இசைத்தட்டாக வந்தன. இன்றும் கேட்கலாம்.