ஜாம்ஷெட்ஜி டாடா எய்திய இழப்புகள்

பெருஞ்செல்வர் சரிதம் எழுதப் புகுவோர், அவர்தம் வெற்றிகளை விரித்துரைத்து, இழப்புகளை ஒரு வரியிற் கடந்துவிடுதல் வழக்கம். நம் சங்கக் குடும்பங்களுள் கடையுங் கொள்முதலுமாய் வாழ்வோர் பலராதலின், யாம் ஈண்டு அவ்வழக்கிற்கு மாறாகச் செல்லத் துணிந்தனம். ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாடா என்னும் பார்ஸிப் பெரியார் இடறிய இடங்களே எமக்குப் பொருளாவன.

இவர் 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள், கூர்ஜர நாட்டு நவஸாரியில், குருமார் மரபிற் பிறந்தார். தந்தையார் நஸர்வான்ஜி குலத்தொழிலை விடுத்துப் பம்பாயில் வணிகரானவர். மகனார் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்றபின் அவ்வாணிகத்திலேயே புகுந்தார்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பஞ்சு லங்காஷயர் ஆலைகட்குச் செல்லாதொழியவே, பம்பாய்ப் பஞ்சின் விலை வரம்பின்றி ஏறிற்று. நகரெங்கும் பங்கு வாணிகப் பித்துத் தலைக்கேறியது. டாடா குடும்பத்தாரும் அதற்கு விலக்கல்லர். லண்டனில் ஒரு பாங்கி நிறுவுங் கருத்துடன் ஜாம்ஷெட்ஜி பத்திரங்களைக் கொண்டு கப்பலேறினார். 1865-இல் போர் முடிந்தது. பஞ்சு விலை வீழ்ந்தது. பத்திரங்கள் வெறுங் காகிதமாயின. அயல்நாட்டிற் கடன்காரர் நடுவே நின்ற அவ்விளைஞர் ஓடவுமில்லை, ஒளிக்கவுமில்லை. கணக்கனைத்தையும் அவர்முன் விரித்து வைத்தார். அவர்களோ அவரையே மாதம் 20 பவுன் சம்பளத்தில் அவ்வரவு செலவைத் தீர்க்கும் அலுவலில் அமர்த்தினர். பம்பாயில் தந்தையார் வீட்டை விற்றுக் கடனிறுத்தார். பித்து நிலவிய நாளில் இவர் விலகி நின்றாரென்று புகழ யாம் ஒருப்படோம், விலகி நின்றாரில்லை. வீழ்ந்த பின்னர் நடந்துகொண்ட முறையே போற்றத்தக்கது.

நாகபுரியில் இவர் நிறுவிய எம்பிரஸ் ஆலை 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பெற்றது. பருத்தி விளையும் இடத்திற்கு அருகே ஆலை அமைத்தது நுண்ணறிவே. ஆயினும் செலவைச் சுருக்க வேண்டி மலிவான இயந்திரங்களை வாங்கினர், நூல் தரங்குன்றிற்று. ஜாம்ஷெட்ஜி காலந் தாழ்த்தாது நல்லியந்திரங்களைத் தருவித்தார். ஆலை மேலாளராய் அவர் அமர்த்திய பெஜோன்ஜி, முன்பு ரயில்வேயில் வேலை பார்த்தவர், நூற்புத் தொழிலறியாதவர். அத்தெரிவு மட்டும் பொய்க்கவில்லை.

இனி, வியப்புக்குரியது ஒன்றுண்டு. மலிவின் கேட்டை நாகபுரியிற் கண்கூடாய்க் கண்ட இவரே, 1886-இல் பம்பாயை அடுத்த குர்லாவில் தரம்ஸி ஆலை குறைந்த விலைக்கு வருகின்றதென்று அதனை வாங்கிச் சுதேசி ஆலையெனப் பெயரிட்டார். இயந்திரங்கள் பழுதுற்றவை, பழுது பார்த்த செலவோ முடிவற்றது. பங்கின் விலை சரிந்தது. பாங்கியுங் கடன் மறுத்தது. குடும்பத்தார்க்கெனக் காப்பிட்டு வைத்த சொத்தை எடுத்தும், எம்பிரஸ் ஆலைப் பங்குகளிற் சிலவற்றை விற்றும், நாகபுரியினின்று தேர்ந்த ஆட்களை வரவழைத்தும் பல்லாண்டு போராடி அதனை நிமிர்த்தினார். குடும்பச் சொத்தை அங்ஙனம் எடுத்தது சரியா என்பதில் எமக்கு இன்றும் ஐயமுண்டு. ஆலை மூழ்கியிருப்பின் வீட்டாரும் உடன் மூழ்கியிருப்பர். தம் பிழையின் சுமையைப் பிறர் தலையிற் கட்டாமல் தாமே ஏற்றாரென்பது வேறு.

1893-இல் சீன, ஜப்பான் வழியிற் கப்பல் விட்டு, பி. அண்டு ஓ. கம்பெனியின் உயர்ந்த கூலியை எதிர்த்தார். அக்கம்பெனி கூலியை மிகத் தாழ்த்தவே, துணை நிற்பதாய் வாக்களித்த வணிகர் பலர் அப்பக்கஞ் சாய்ந்தனர். பெருநட்டத்துடன் கப்பல் நின்றது. சின்னாட் சலுகைக்காகத் தம் நன்மையையே விற்ற அவ்வணிகரை யாம் இவரினும் மிகுதியாய்க் குறை கூறுவோம்.

இரும்புத் தொழிலில் இவர் நடந்த நடை வேறு. சாந்தா நாட்டு இரும்பைப்பற்றி 1882-இலேயே அறிக்கை படித்தும், அருகிலுள்ள நிலக்கரி உதவாதெனச் சோதனையிற் றெரியவே, ஆலை கட்ட விரைந்தாரில்லை. 1902-இல் அமெரிக்கா சென்று, முதற்கண் ஆராய்ச்சிக்கே பொருள் செலவிட இசைந்து, சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியியலாரை அமர்த்தினார். 1904 மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் இவர் காலமானார். சாந்தாவில் ஆலை அமைத்தல் ஆகாதென்று நிபுணர் கண்டபோது, மகனார் தொராப்ஜி அதனைக் கைவிட்டு, வேறிடந் தேடி மயூர்பஞ்சு மலைகளை அடைந்தார். 1907-இல் கம்பெனி தோன்றிற்று. 1912-இல் ஸாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பெற்றது.