கடவுளிடமே சந்தா வாங்க வைத்த கடலூர்க்காரர்!

இந்த வீக் எண்ட் சிரிக்கிற மாதிரி, அதேசமயம் கொஞ்சம் வித்தியாசமா ஏதாவது படிக்கணுமா? புதுசா எதையும் தேட வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஒருத்தர், எண்பது வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்காக எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். அவர் புதுமைப்பித்தன். 'அய்யோ, பாடப்புத்தகத்துல வந்த சீரியஸ் எழுத்தாளராச்சே'ன்னு ஓடிடாதீங்க!

1906 ஏப்ரல் 25-ம் தேதி பிறந்தார். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். பிள்ளைக்கு வைத்த பெயர் விருத்தாசலம். எட்டு வயதில் அம்மாவை இழந்தார். அப்பாவின் வேலை காரணமாக செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பள்ளிகள் மாறின. பிறகு சொந்த ஊரான திருநெல்வேலி. 1931-ல் பி.ஏ. முடித்தார், கமலாவுடன் திருமணம் ஆனது. அரசு வேலைக்குப் போகாமல் எழுத்தை நம்பி சென்னைக்கு வந்தார்.

1933-ல் 'காந்தி' இதழில் வெளியான அவரது முதல் படைப்பின் தலைப்பு என்ன தெரியுமா? 'குலோப்ஜான் காதல்'! அப்புறம் 'மணிக்கொடி'யில் கதைகள், 'ஊழியன்', 'தினமணி' என்று பத்திரிகை வேலைகள். முசோலினி பற்றிய புத்தகத்துக்கு 'ஃபாசிஸ்ட் ஜடாமுனி' என்றும், ஹிட்லர் பற்றியதற்கு 'கப்சிப் தர்பார்' என்றும் பெயர். இன்னிக்கு மீம் போடுறவங்ககூட இப்படி யோசிப்பாங்களான்னு தெரியலை.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? என் சாய்ஸ், 1943-ல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னைக்கு வரும் கடவுளை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார், வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை. காபி குடித்த கையோடு, கடவுளையே ஆயுள் சந்தாதாரராகச் சேர்க்கப் பார்க்கிறார். ஆயுள்னா யாரோட ஆயுள்? கடவுளுடையதா, பத்திரிகையுடையதா? அங்கேதான் நீங்க வாய்விட்டுச் சிரிப்பீங்க.

அடுத்து 'வேதாளம் சொன்ன கதை', 'கட்டில் பேசுகிறது'. ரெண்டாவதில் பேசுவது ஆஸ்பத்திரிக் கட்டில். நான்காவதாக 'ஒரு நாள் கழிந்தது' படிங்க. கடன்காரர்களைச் சமாளித்து, கைமாத்து கேட்டு, ஒரே ஒரு நாளைத் தள்ளும் எழுத்தாளரின் கதை. சிரிச்சுக்கிட்டே வருவீங்க, முடிக்கும்போது தொண்டை அடைக்கும். ஏன்னா அந்தக் கஷ்டம் அவருக்குப் பழக்கமானது. பல வருடம் அவர் சென்னையிலும் மனைவி திருவனந்தபுரத்திலுமாக, கடிதத்திலேயே குடும்பம் நடந்தது.

கடைசியில் சினிமா கைகொடுக்கும் என்று நம்பினார். சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். படம் வரவில்லை, கடன்தான் வந்தது. சிறையிலிருந்து விடுதலையான தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுத புனே போனார். அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பியவர், 1948 ஜூன் 30-ம் தேதி இறந்தார். வயது 42. மகள் அப்போது சின்னக் குழந்தை. 'ராஜமுக்தி' திரைக்கு வந்தபோது அவர் இல்லை. பழைய படங்கள் பிடிக்கும்னா, இசைக்காகவும் தேடிப் பாருங்க. எம்.எல்.வசந்தகுமாரி சினிமாவில் பாடத் தொடங்கியது அதில்தான்.

நான் செத்த பிறகு நிதி திரட்டாதீர்கள், கல்லில் வடித்து வைக்காதீர்கள் என்ற பொருளில் ஒரு கேலிக் கவிதையும் எழுதியிருக்கிறார். ஆனால், அவர் இறந்ததும் குடும்பத்துக்காக நிதி திரட்டத்தான் வேண்டியிருந்தது. எழுதும்போது கிடைக்காத பணம்!

2002-ல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமையாக்கிவிட்டது. மலிவுப் பதிப்பு சுலபமா கிடைக்குது, இணையத்தில் இலவசமாவே இருக்கு. கந்தசாமிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய சந்தாகூட உங்களுக்கு மிச்சம். இன்னிக்கு ராத்திரியே ஒரு கதை படிச்சிடுங்க!