கோல்ப் வீராங்கனை பேப் சகாரியாஸ்

உதகையில் பிங்கர்போஸ்ட் பக்கம் சென்றவர்கள் அங்குள்ள கோல்ப் மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் காலத்து மைதானம். நம்மில் பெரும்பாலோர்க்குச் சாலையில் நின்று பார்ப்பதோடு சரி. அது வசதி படைத்தவர்களின் ஆட்டம். அத்தகைய ஆட்டத்தில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள் உலகின் முதல் வரிசைக்கு வந்தார். அவரே பேப் சகாரியாஸ். எங்கள் கீழ் கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

1911-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்னும் துறைமுக ஊரில் மில்ட்ரெட் எல்லா டிட்ரிக்சன் பிறந்தார். பேப் என்பது செல்லப் பெயர். பெற்றோர் நார்வே நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஏழு குழந்தைகளில் இவர் ஆறாவது. குடும்பம் பின்னர் பக்கத்து நகரமான போமாண்டில் குடியேறியது. பள்ளிப் பருவத்திலேயே அத்திப்பழம் பதப்படுத்தும் இடத்திலும், பிறகு சாக்குத் தைக்கும் இடத்திலும் வேலை செய்தார். சாக்கு ஒன்றுக்கு ஒரு சென்ட் கூலி. உருளைக்கிழங்கு மூட்டை தைத்துப் பழகிய நம் மலை மக்களுக்கு அந்தக் கோணி ஊசியும் சணலும் புதியவையல்ல.

1930-இல் டல்லாஸ் நகரின் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அவருக்கு அலுவலக வேலை கொடுத்தது. உண்மையில் அந்நிறுவனத்தின் கூடைப்பந்து அணிக்காகவே அழைத்தார்கள். 1932 ஜூலையில் தேசியத் தடகளப் போட்டிக்கு அந்நிறுவனம் அனுப்பிய அணியில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர்தான் பேப்! எட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு தனியாளாய் 30 புள்ளிகள் பெற்றார். இரண்டாவதாக வந்த அணியில் 22 பெண்கள். அவர்கள் அனைவரும் சேர்ந்து பெற்றது 22 புள்ளிகள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும், 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் தங்கம். உயரம் தாண்டுதலில் வெள்ளி. அவரிடம் அடக்கம் கிடையாது. தம் பெருமையைத் தாமே பேசுவார். உடன் ஆடிய பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. பத்திரிகைகளோ அவருடைய திறமையை விட்டுவிட்டு, தோற்றத்தைக் கேலி செய்தன.

அதன் பிறகே கோல்ப். இந்த ஆட்டத்தில் சிறு பந்தை மட்டையால் அடித்து, மைதானத்தின் 18 குழிகளிலும் வரிசையாக விழச் செய்ய வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுவார். கைத்தோல் உரிந்து இரத்தம் கசியும்வரை பயிற்சி செய்தார் என்பார்கள். 1935-இல் டெக்சாஸ் பெண்கள் போட்டியில் வென்றார். வென்ற சில நாட்களிலேயே, அவர் தொழில்முறை வீராங்கனை என்று கூறி அமெரிக்க கோல்ப் சங்கம் தொழில்சாரா ஆட்டங்களிலிருந்து அவரை விலக்கியது. பணத்துக்காக ஆடலாம் என்றால் அக்காலத்தில் பெண்களுக்குப் பணப் போட்டிகளே அரிது. அந்த உரிமையைத் திரும்பப் பெற 1943 வரை பொறுத்திருந்தார். இடையில் 1938-இல் ஜார்ஜ் சகாரியாஸ் என்ற மல்யுத்த வீரரை மணந்தார். 1947-இல் ஸ்காட்லாந்து சென்று பிரிட்டிஷ் பெண்கள் போட்டியில் வென்றார். 1893-இல் தொடங்கிய அப்போட்டியில் ஓர் அமெரிக்கப் பெண் வென்றது அதுவே முதல் முறை.

பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் தலையாயது அமெரிக்க மகளிர் ஓப்பன். 1946-இல் தொடங்கிய இதில் பேப் 1948-இலும் 1950-இலும் வென்றார். 1950-இல் 13 பெண்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு தொழில்முறைச் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் இவரும் ஒருவர். ரியோ, டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக் இன்று ஆடிவருவது அந்தச் சங்கத்தின் போட்டிகளில்தான்.

1953 ஏப்ரலில் போமாண்டில் தம் பெயராலேயே நடந்த போட்டியில் வென்றார் பேப். களைப்பு தீரவில்லை. மருத்துவரிடம் சென்றபோது குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. குடலின் ஒரு பகுதியை அகற்றி, கழிவு வெளியேற வயிற்றில் தனி வழி அமைத்தார்கள். இனிப் போட்டிகளில் ஆட இயலாது என்பதே மருத்துவர்களின் கருத்து. நிணநீர்க் கணுக்களிலும் நோய் பரவியிருந்தது. இதைக் கணவரிடமும், நெருங்கிய தோழியான பெட்டி டாட் என்ற இளம் வீராங்கனையிடமும் கூறினார்கள். பேப்பிடம் கூறவில்லை.

இந்த இடத்தில் என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவருக்கு இதே நோய் வந்தபோது எங்கள் லைன் வீடுகளில் ஒருவரும் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. வயிற்றுப்புண் என்றே பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அத்தையும் கடைசிவரை அப்படியே நம்பினார், அல்லது நம்புவது போல் இருந்தார். அன்பினால் செய்தது என்பதை அறிவேன். ஆனாலும் தன் உடம்பைப் பற்றிய செய்தி தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது. பேப்புக்கும் அவ்வளவு பெரிய நாட்டில் அதே கொடுமைதான் நேர்ந்தது.

ஆனால் அவர் தமக்குத் தெரிந்த வரையில் எதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவிலும் அந்நாளில் புற்றுநோயின் பெயரைக் கூறக் கூசினார்கள். பேப் அதைப் பத்திரிகைகளில் வெளிப்படையாகக் கூறி, பரிசோதித்துக்கொள்ளும்படி மக்களை வேண்டினார். அறுவைச் சிகிச்சை நடந்து நான்கு மாதம் முடியுமுன்பே மீண்டும் போட்டியில் இறங்கினார். தோழி பெட்டி டாட் உடன் ஆடித் துணை நின்றார்.

1954 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பீபடி நகரில், சேலம் மன்ற மைதானத்தில் மகளிர் ஓப்பன் நடைபெற்றது. கடைசி நாளில் மட்டும் 36 குழிகள் ஆட வேண்டும். அதாவது ஜூலை வெயிலில் 10 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடை. வயிற்றில் கட்டிய பையோடு அந்த நடையை நடந்தார் பேப். நான்கு சுற்றுகளில் 72, 71, 73, 75 என மொத்தம் 291 அடிகள். இரண்டாவதாக வந்த பெட்டி ஹிக்ஸ் 303. பன்னிரண்டு அடி வித்தியாசம்! பரிசுத் தொகை 2,000 டாலர். (2024-இல் அதே போட்டியில் வென்றவருக்கு 24 இலட்சம் டாலர்.) அவர் வென்ற தலையாய போட்டிகள் மொத்தம் பத்து, இதுவே கடைசி. இதற்கு ஈடாக அவருடைய ஒலிம்பிக் தங்கங்களைக்கூட நான் வைக்க மாட்டேன்.

1955-இல் நோய் திரும்பியது. அந்த ஆண்டே தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தம் பெயரில் நிதியம் ஒன்றும் ஏற்படுத்தினார். 1956 செப்டம்பர் 27-ஆம் நாள் கால்வெஸ்டன் நகர மருத்துவமனையில் காலமானார். வயது 45. படுக்கையிலிருந்து எழ முடியாத நாட்களிலும், தம் கோல்ப் மட்டைகளை அறையின் மூலையில், கண்ணில் படும்படி வைத்திருந்தார்.