தலைவலி என்று வந்தவர்களும் டாக்டர் ராமமூர்த்தியும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் விடுதி நாட்களைப் பற்றி எழுதலாமென்றுதான் முதலில் நினைத்தேன். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுத இந்த மலரில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் அதை அவர்களுக்கே விட்டுவிட்டேன். நான் இயற்பியல் முடித்து, பிறகு எக்ஸ்ரே படிப்பு படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்கேன் அறையிலேயே காலத்தை ஓட்டியவன். அந்த அறையில் பார்த்த வியாதிகளில் என்னை அதிகம் உலுக்கியது மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பது. அந்த வியாதியையும் அதைப் பற்றி யோசித்த ஒரு பெரியவரையும் நம் மாணவச் செல்வங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க ஆசை.

அவர் டாக்டர் பா. ராமமூர்த்தி. வெளியூர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வரதராஜன்பேட்டையிலிருந்து ஆண்டிமடம், காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வழியாகப் போய்க் கொள்ளிடத்தைத் தாண்டினால் வருகிற சீர்காழியில் 1922 ஜனவரி 30 அன்று பிறந்தவர். தகப்பனாரும் மருத்துவர்தான். திருச்சியில் பள்ளிப் படிப்பு, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பு. 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் வாங்கினார். நாடு சுதந்திரம் அடைந்த அதே வருஷம். அதன் பிறகு இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ரோபாதம் என்ற மூளை அறுவை நிபுணரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

அப்பல்லாம் நம் நாட்டில் மூளை அறுவைக்கென்று தனிப் பிரிவே கிடையாது. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி முதல் பிரிவைத் தொடங்கினார். அடுத்த வருஷமே சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். வயது 28. வேலூரில் மிஷன் ஆஸ்பத்திரி, இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரி. யார் வந்தாலும், எந்த நிலையில் வந்தாலும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்ப முடியாது. 1951-ல் சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை அமைத்தார்கள். ஒரு காருக்குள் அடங்கிவிடுகிற கூட்டம்!

இனி வியாதிக்கு வருவோம். மூளையின் அடிப்பாகத்தில் ரத்தக்குழாய்கள் வளையமாகக் கூடிப் பிரிகின்றன. பிரிகிற முனைகளில் குழாயின் சுவர் நைந்திருந்தால், ரத்த அழுத்தம் தாங்காமல் அந்த இடம் மெல்ல மெல்ல புடைத்துக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு பக்கம் முட்டை மாதிரி வீங்குமே, அந்த மாதிரி. இதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோர் ஒன்றும் தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெடித்தால்தான் ஆபத்து. மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் ரத்தம் பாய்ந்து, ஒரே நொடியில், வாழ்க்கையிலேயே கண்டிராத தலைவலி வரும். வாந்தி, கழுத்து விறைப்பு, சிலருக்கு மயக்கம், சிலருக்கு ஒரு பக்கக் கண்ணிமை தொங்கிப்போகும்.

ராமமூர்த்தி வேலையைத் தொடங்கிய காலத்தில் இதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சி.டி. ஸ்கேன் 1971-ல்தான் உலகத்துக்கே வந்தது. அதற்கு முன்னால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கழுத்து நாடியில் நேராக ஊசியைக் குத்தி, மருந்தை உள்ளே தள்ளி, அது மூளைக்குப் போகிற கணத்தில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கண்டுபிடித்த முறை இது. எங்கள் தொழிலில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், மருந்து தள்ளுகிறவரும் பொத்தானை அழுத்துகிறவரும் ஒரே மூச்சில் வேலை செய்ய வேண்டுமாம். ஒரு விநாடி தவறினால் படம் வெறுமையாக வரும்.

கண்டுபிடித்தாலும் வைத்தியம்? 1931-ல் எடின்பரோவில் நார்மன் டாட், நோயாளியின் தொடையிலிருந்து கொஞ்சம் தசையை எடுத்து வெடித்த இடத்தைப் பொதிந்தார். 1937-ல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி, புடைப்பின் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளிக் கிளிப்பை மாட்டி ரத்தம் உள்ளே போகாமல் அடைத்தார். துணி காயப்போடுகிற கிளிப்பின் வேலைதான், ஆனால் கை நடுங்கினால் உயிர் போய்விடும். அறுவை அறையில் மைக்ரோஸ்கோப் பரவலானது 1960-களின் கடைசியில் ஜூரிச் நகரத்து யாசர்கில் வழிகாட்டிய பிறகு. அதுவரை எல்லா ஊரிலும் வெறுங்கண்ணையும் மூக்குக்கண்ணாடியில் மாட்டிய பூதக்கண்ணாடியையும் நம்பித்தான்.

இந்த நிலைமையில் ராமமூர்த்தியை ஒரு கேள்வி துளைத்தது. மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அனியூரிசம் வாரம் தவறாமல் வருகிறது, இங்கே ஏன் அவ்வளவு வருவதில்லை? மூளைக் கட்டி வருகிறது, தலைக்காயம் வருகிறது, காசநோய்க் கட்டி ஏராளமாக வருகிறது, இது மட்டும் குறைவு. இந்தியாவில் அனியூரிசம் எவ்வளவு காணப்படுகிறது என்று 1969-ல் அமெரிக்காவின் நரம்பு அறுவை மருத்துவ இதழில் ஒரு கட்டுரையே எழுதினார். கணக்கு காட்டியது இதுதான்: மேல்நாட்டை விட இங்கே குறைவு. பிற்காலத்தில் இந்தியாவில் இந்த விஷயத்தை எழுதியவர்கள் இந்தக் கட்டுரையைத் தொடாமல் போனது அபூர்வம்.

உண்மையிலேயே நமக்குக் குறைவா, அல்லது ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்கிறவர்கள்தான் குறைவா? இந்த விவாதம் அவர் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை. டாக்டர்கள் தீர்க்க வேண்டிய விஷயத்தில் ஒரு டெக்னீஷியன் தலையிடக்கூடாதுதான். இருந்தாலும் நான் பார்த்ததைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

முந்திரிக்கொட்டை பொறுக்குகிற கோடைக்காலம். நம்ம பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து நாற்பத்தைந்து வயது அம்மா ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். தோப்பில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவர், யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்ததுபோல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். வாந்தி. வெயில் அடித்துவிட்டது என்று மோர் கொடுத்து நிழலில் படுக்க வைத்தார்கள். மறுநாள் தலைவலி மாத்திரை. சாயங்காலம் மந்திரித்தார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்ற பிறகு வண்டி வைத்துக் கொண்டுவந்தார்கள். படத்தில் மூளைக்கு நடுவே வெள்ளை நட்சத்திரம் மாதிரி ரத்தம் பளிச்சென்று தெரிந்தது. முதல் வெடிப்பில் தப்பியவரை அன்றிரவு இரண்டாவது வெடிப்பு கொண்டுபோய்விட்டது. அந்தக் குடும்பத்தார் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? சித்திரை வெயிலில் தலைவலி வந்தால் வெயில் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நான் யோசித்தது வேறு. இந்த அம்மா முதல் நாளே தோப்பில் இறந்திருந்தால் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வந்திருக்க மாட்டார். வெடித்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவராவது ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே இறந்துவிடுகிறார்கள். மறுபடி வெடிக்கிற ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் 24 மணி நேரத்தில். 1960-களில் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் கூலி சென்னைப் பொது மருத்துவமனையை எட்ட எத்தனை நாளாகியிருக்கும்! தாக்குப் பிடித்து வந்தவர்களைத்தான் அங்கே எண்ண முடிந்திருக்கும். ராமமூர்த்தியின் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. கையில் கிடைத்ததை நேர்மையாக எண்ணி உலகத்தின் முன்னால் வைத்தார். அவர் எண்ணி வைத்திராவிட்டால் மற்றவர்கள் விவாதிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா அவருடைய குழுவில் வளர்ந்தவர். சென்னையில் நரம்பியல் நிலையம் அவர் முயற்சியில் உருவானது. 1973-ல் பத்மபூஷண். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்காராமல், அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் லட்சுமிபதி பெயரிலான நரம்பு அறுவை மையத்தைக் கட்டியெழுப்பினார். டாக்டர் டாண்டனுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த நரம்பு அறுவைப் பாடநூல் 1980-ல் வந்தது. வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தில் நம்ம ஊர்க் காசநோய்க் கட்டியைத் தேடிக் களைத்த மாணவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரிந்த டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் எழுதிய சுயசரிதையின் ஆங்கிலப் பெயர் ‘அப்ஹில் ஆல் தி வே’. வழி நெடுக மேடு என்று அர்த்தம்.

வைத்தியமும் அவர் கண்ணெதிரிலேயே மாறியது. நிமோடிபின் என்ற மருந்து, வெடித்த பிறகு வரும் நாட்களில் ரத்தக்குழாய் சுருங்கி மூளை வாடிப்போவதன் கேட்டைக் குறைக்கிறது என்று 1989-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. 21 நாள் கொடுக்கிறார்கள். 1991-ல் குக்லியெல்மி முறை வெளிவந்தது. மண்டையைத் திறக்காமல், தொடை இடுக்கிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, பிளாட்டினக் கம்பிச் சுருளால் புடைப்பை நிரப்பிவிடுவது. 2002-ல் 2143 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து இறந்தோ பிறர் உதவியை நம்பியோ இருந்தவர்கள் கிளிப் போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 31, சுருள் வைத்தவர்களில் சுமார் 24. எல்லாருக்கும் சுருள் ஒத்துவராது. புடைப்பின் வடிவத்தையும் இடத்தையும் பார்த்து இன்றும் பலருக்குக் கிளிப்தான் போடுகிறார்கள்.

அடுத்த வருஷம், 2003 டிசம்பர் 13-ம் தேதி, டாக்டர் ராமமூர்த்தி காலமானார். வயது 81. நம்ம தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008-ல். அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல். வரதராஜன்பேட்டையில் ஒருவருக்கு இடி விழுந்தமாதிரி தலைவலி வந்தால் இப்போது ஸ்கேன் எடுக்கச் சென்னை வரை போக வேண்டியதில்லை. போன் செய்து, தலைவலி ஒரே நொடியில் வந்தது என்ற அந்த விவரத்தை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்கேன் அறையில் நாங்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.