வெறும் விரல்

எங்க ஊர் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்தில் பம்பையும் உடுக்கையும் சேர்ந்தால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. இசைன்னா சத்தம்னு நினைச்சே வளர்ந்தவன் நான். ஹாஸ்டலில் கிட்டார் எடுத்ததும் ராஸ்கெயாதோ பழக ஆசைப்பட்டதும் அதனால்தான். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கலைஞர்கள் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, நகத்தின் வெளிப்பக்கத்தால் தந்திகளைச் சரசரவென்று அடிக்கும் முறை அது. நகம் உடையாமலிருக்கப் பசை தடவிக்கொள்பவர்களும் உண்டு.

நம்ம பக்கம் விரலையும் நகத்தையும் மட்டும் நம்பி வாசிச்சவங்க யாருன்னு தேடினேன். வீணை தனம்மாள் கிடைத்தார். ஆனால் அவர் போன வழி நேர் எதிர்.

1867-இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையில் ஆடியவர், அம்மா சுந்தரம்மாள் பாடகி. வீட்டிலேயே இசை இருந்தது.

வீணைக்கு ஏழு தந்தி. நான்கில் ராகம், பக்கத்திலுள்ள மூன்றில் தாளம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்ட, சுண்டுவிரல் தாளத்தந்தியைத் தட்டும். பலர் மீட்டும் விரலில் கம்பி வளையம் மாட்டிக்கொள்வார்கள், சத்தம் பளிச்சென்று வரும். தனம்மாள் மாட்டவில்லை. விரல்நுனியும் நகமும் மட்டும்தான். நாதம் சின்னதாக வந்தது. அதோடு மெல்லப் பாடவும் செய்வார். பதங்களும் ஜாவளிகளும் அவரிடம் ஏராளம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் கச்சேரி. பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். மைக் கிடையாது. யாராவது இருமினால் ஒரு கமகம் போச்சு! அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தாக வேண்டும்.

ஆனால் காலம் மாறிக்கிட்டே இருந்தது. சபாக்கள் பெருகின. 1928-இல் மியூசிக் அகாடமி வந்தது. பெரிய கூட்டத்தில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் நாதம் இல்லை அவருடையது. தேவதாசி மரபில் வந்த குடும்பங்களுக்கு இருந்த மதிப்பும் அப்போது சரிந்துகொண்டிருந்தது. கடைசிக் காலத்தில் கண்பார்வை போனது, வறுமையும் சேர்ந்தது. ஒரு கம்பி வளையம் மாட்டியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்குமேன்னு என்னோட இன்ஜினியர் மூளை கணக்குப் போடுது. அவர் அந்தக் கணக்கைப் போடவே இல்லை.

1938 அக்டோபர் 15 அன்று காலமானார். நாட்டியத்தில் பாலசரஸ்வதி, பாட்டில் பிருந்தா, முக்தா என்று பேத்திகள் அந்த வீட்டு இசையை வெளியே கொண்டுபோனார்கள். பாலசரஸ்வதிக்கு 1973-லும் பிருந்தாவுக்கு 1976-லும் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது.

முதிய வயதில் அவர் வாசித்த சில இசைத்தட்டுகள் இருக்கின்றன. செஞ்சி போகும் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். கரகரன்னு தேய்ந்த சத்தம் தவிர ஒண்ணும் விளங்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு, ரூம்மேட் தூங்கின பிறகு, ஃபேனையும் நிறுத்திட்டு மறுபடி போட்டேன். அப்பத்தான் சுண்டுவிரல் தாளத்தந்தியைத் தொடுவது கேட்டது.