இசைத்தட்டில் எஞ்சிய வாழ்வு: செங்கோட்டை கிட்டப்பா

மனிதர் வாழ்நாளை ஆண்டுகளால் அளந்து காண்பது உலக வழக்கு. அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் வாழ்வு மிகச் சிறியதே. 27 ஆண்டுகளில் அது முடிந்துவிட்டது. ஆயினும், அவர் மறைந்து 90 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய குரல் தமிழர் செவிகளில் ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. திரைப்படம் எதிலும் அவர் நடித்தாரில்லர். மேடையில் அவரைக் கண்டு களித்த தலைமுறையும் மறைந்துவிட்டது. எஞ்சியவை சில கிராமபோன் இசைத்தட்டுக்களே. ஒரு பெருங்கலைஞரது வாழ்வு முழுவதும் ஒரு சிறு பேழைக்குள் அடங்கிவிடும் போலும்! அப்பேழையைத் திறந்து, அவ்வாழ்வினை ஒருவாறு எடுத்துரைப்பதே நம் கருத்து.

பிறப்பும் இளமையும்

கிட்டப்பா, 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள், பொதிகைச் சாரலின் அருகிலுள்ள செங்கோட்டையில், கங்காதர ஐயருக்கும் மீனாட்சியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். மக்கட்செல்வம் மிகுந்திருந்த அவ்வீட்டில் பொருட்செல்வம் குறைந்திருந்தது. ஆகவே, பள்ளிக்கூடத்து வாயிலை மிதிக்க வேண்டிய பருவத்தில் நாடகக் கொட்டகையின் வாயிலை மிதிக்கும்படி நேர்ந்தது. அவருடைய சகோதரர் சிலரும் அத்தொழிலையே மேற்கொண்டனர். அவருள் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பதில் வல்லவர்.

அக்காலத்தில் தமிழ் நாடகத்திற்குத் தலைமையாசிரியராய் விளங்கியவர் தவத்திரு சங்கரதாச சுவாமிகள். அவரது பயிற்சியைச் சிறு பிராயத்திலேயே பெறும் பேறு கிட்டப்பாவுக்கு வாய்த்தது. எழுத்தும் எண்ணும் முறையாகக் கல்லாத அச்சிறுவன், பாட்டையும் வசனத்தையும் காதால் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டான். பிற்காலத்தில் பெரிய வித்துவான்களும் வியந்த அவரது சங்கீத ஞானத்திற்குக் கேள்வியே அடிப்படையாய் இருந்தது. கல்லூரியில் இருந்து நூல் பல கற்கும் நாம், செவியாலும் சிறந்த கல்வி பெறலாம் என்பதனை இங்கே உணர்கின்றோம்.

மேடையில் பெற்ற புகழ்

பின்னர் அவர் கன்னையா அவர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். காட்சி ஜோடனைகளின் சிறப்பினால் அக்குழு பெரும் புகழ் பெற்றிருந்தது. அதன் 'தசாவதாரம்' என்னும் நாடகத்தைக் காணச் சென்னை மக்கள் திரள் திரளாகச் சென்றனர். காட்சியைக் காண வந்தோர் கிட்டப்பாவின் பாட்டில் மயங்கி, மறுநாளும் பாட்டைக் கேட்பதற்கென்றே வந்தனர் என்பர்.

ஒலிபெருக்கி மேடைக்கு வாராத காலம் அது. கொட்டகையின் கடைசிப் பலகையில் அமர்ந்தவனுக்கும் பாட்டு எட்டவேண்டும்; எட்டாவிடின் அவன் வாளா இரான். கிட்டப்பாவின் சாரீரமோ உச்ச ஸ்தாயியில் தங்குதடையின்றி உலாவ வல்லது. மேலே செல்லுந்தோறும் பிறர் குரல் மெலியும். அவர் குரல் மேலே செல்லுந்தோறும் தெளிவு பெறும். பிர்காக்கள் மணி உதிர்ந்தாற்போல விழும், சொல் சிதையாது. சபையோர் மீண்டும் மீண்டும் பாடும்படி வேண்ட, ஒரே பாட்டை அவர் வெவ்வேறு வகையாக விரித்துப் பாடுவார். நாடகம் விடியுமளவும் நீளும். இத்துணை உழைப்பை ஓர் இளைஞனின் உடல் எத்தனை நாள் தாங்கும் என்று எண்ணிப் பார்த்தோர் அக்கூட்டத்தில் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

சுந்தராம்பாள்

கிட்டப்பாவின் சரித்திரம், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் சரித்திரத்தை விட்டுத் தனித்து நிற்பதன்று. 1908-ஆம் ஆண்டிற் பிறந்த அம்மையார், வறுமையின் வாய்ப்பட்டு, இரயில் வண்டியிற் பாடிப் பிழைத்த சிறுமியாயிருந்து, நாடக மேடையில் உயர்ந்தவர். இருவரும் 1926-இல் இலங்கையில் ஒன்றாக மேடையேறினர். கிட்டப்பாவுக்கு எதிரில் நின்று பாடுதல் அரிது என்று பலர் அம்மையாரை அச்சுறுத்தினர். அவரோ அஞ்சினாரல்லர். இரு குரல்களும் ஒன்றையொன்று வெல்ல முயன்று, ஒன்றையொன்று உயர்த்தின. 1927-இல் அவர்கள் மணந்துகொண்டனர்.

கிட்டப்பாவுக்கு அதற்கு முன்னரே கிட்டம்மாள் என்னும் மனைவியார் இருந்தார் என்பதனை நாம் மறைத்தல் கூடாது. மேடைப் புகழைப் பேசும் நூல்கள் அவ்வம்மையாரின் துயரைப் பற்றி ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. சுந்தராம்பாளுக்கும் இவ்வாழ்வு நெடுங்காலம் இன்பம் தரவில்லை. பிறந்த குழந்தை இறந்தது, மனத்தாங்கல் வளர்ந்தது, இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். பிரிவின்போது அம்மையார் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. அவற்றைக் கற்போர், மேடையில் கைத்தட்டல் பெற்ற இருவரும் வீட்டில் எத்துணைத் தனிமையுற்றிருந்தனர் என்பதை அறிந்து இரங்குவர்.

இதனிடையே மதுப்பழக்கம் கிட்டப்பாவின் உடலைக் கெடுத்தது. ஓய்வின்றிப் பாடியதும் நோய்க்குத் துணை செய்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று தொட்டு அம்மையார் வெண்ணிற ஆடையே உடுத்தார். ஆடவரோடு இணைந்து காதற் கதைகளில் நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1980-இல் தாம் மறையுங்காறும் அவ்வுறுதியினின்று வழுவினாரல்லர். 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் அவரைக் கண்டு உருகியவர் பலர். அம்முதுமைக் கோலத்தின் பின்னே இளமையில் நேர்ந்த அத்துயர் நின்றதை நினைந்தார் சிலரே.

இசைத்தட்டு என்னும் பேழை

தமிழில் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. இன்னும் சில ஆண்டு வாழ்ந்திருப்பின் கிட்டப்பாவும் திரையில் தோன்றியிருத்தல் கூடும். அது நிகழவில்லை. ஆகவே, அவரை நமக்குக் காத்துத் தந்தது கிராமபோன் ஒன்றே.

1925-க்கு முன்னர்ப் பாடுவோர் ஒரு பெருங்கூம்பினுள் முகம் வைத்து உரக்கப் பாட வேண்டும். அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடிடும். பின்னர் ஒலிவாங்கியும் மின்விசையும் வந்து, மெல்லிய நுட்பங்களும் பதியத் தொடங்கின. கிட்டப்பா வாலிபம் எய்திய காலமும் இம்மாறுதல் நிகழ்ந்த காலமும் ஒன்றாயின; இது தமிழிசையின் நற்பேறு. தட்டுக்கள் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில், அரக்கினை முதன்மையாகக் கொண்ட கலவையால் செய்யப்பட்டன. அரக்கோ நம் நாட்டு மரங்களில் ஒரு சிறு பூச்சி தருவது. கீழே விழின் தட்டு உடையும். தேய்ந்த ஊசி படின் கோடு அழியும்.

ஒரு பக்கத்தில் பாடுதற்குரிய காலம் ஏறத்தாழ மூன்று நிமிஷமே. மேடையில் அரைமணி நேரம் விரித்த பாட்டை அதற்குள் சுருக்குதல் எளிதன்று. கிட்டப்பா அதனைச் செய்து காட்டினார். தியாகராஜரின் 'எவரனி' என்னும் கீர்த்தனத் தட்டு, நாடக நடிகர்க்குச் சாஸ்திரீய சங்கீதம் வாராது என்று இகழ்ந்தோருக்குத் தக்க விடையாயிற்று. அதனினும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது, 'கோடையிலே' என்று தொடங்கும் திருவருட்பா விருத்தம். வெயிலில் வாடியவன் நிழல் கண்டாற்போல இறைவனைக் கண்டு மகிழும் அப்பாட்டை இயற்றிய இராமலிங்க அடிகள், 1872-இல் சத்திய ஞான சபையை நிறுவிய வடலூர், நெய்வேலி நகரியத்திற்கு அயலூர். கோடையின் கொடுமையை நன்கறிந்த நெய்வேலியார்க்கு அப்பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. திருச்சபையிற் பிறந்து கீர்த்தனை பாடி வளர்ந்த நமக்கும், இறைவனை நிழலாகக் காணும் அக்கருத்து அயலானதன்று.

நாம் கொள்ளத்தக்கன

கிட்டப்பாவின் வாழ்வை எண்ணுந்தோறும், திருமறையிற் காணும் தாலந்து உவமை நம் நினைவுக்கு வருகின்றது. ஐந்து தாலந்து பெற்றவருள் ஒருவர் இவர் என்பதில் ஐயமில்லை. அதனை அவர் மண்ணிற் புதைத்தாரல்லர், பன்மடங்கு பெருக்கினார். ஆயினும், அத்தாலந்தைத் தாங்கிய உடலைப் பேணினாரல்லர். அவரைக் குறை கூறுதல் எளிது. ஏழு வயதும் நிரம்பாத குழந்தையை மேடையேற்றி, இரவெல்லாம் பாடச் செய்து, கைத்தட்டி, மேலும் பாடு என்று வேண்டிய நாட்டிற்கும் அக்குறையிற் பங்குண்டு. கலையை விரும்புவோர் கலைஞனது உயிரையும் விரும்புதல் வேண்டும்.

பிறிதொரு கடமையும் நமக்குண்டு. அவ்விசைத்தட்டுப் பாடல்கள் பின்னர் ஒலிநாடாவிலும் குறுந்தட்டிலும் ஏறின. இன்று இணையத்திலும் கேட்கப்படுகின்றன. எனினும், பதிவான ஆண்டும் பக்கவாத்தியம் வாசித்தோர் பெயரும் இன்றி உதிரியாகக் கிடக்கும் பாட்டு, ஏடு மாறிய சுவடியை ஒக்கும். தட்டுக்களைத் தேடித் திரட்டி, காலமுறையில் அடுக்கி, பாட்டின் மூலமும் குறிப்பும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் பேணுதல், பதிப்பாசிரியர் தொண்டினின்று வேறன்று. ஏட்டுச்சுவடியைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையரின் வழியில் தமிழ் பயிலும் நாம், அரக்குத் தட்டையும் ஒரு சுவடியாகக் கருதுதல் தகும்.

நெய்வேலியின் வயல்களின் கீழே பழுப்பு நிலக்கரி எத்தனையோ ஊழிகளாக ஒருவரும் அறியாது கிடந்தது. கிணறு தோண்டியவர் கண்ணில் அது பட்டதும், அறிந்தோர் அதனை ஆராய்ந்ததும், 1956-இல் நிறுவனம் எழுந்ததும் பின்னை நிகழ்ச்சிகள். தேடினார்க்கே நிலம் தன் பொருளைத் தந்தது. பழைய வீடுகளின் பரணில், தூசி படிந்த பெட்டிகளில், கிட்டப்பாவின் தட்டுக்கள் இன்னும் சில கிடத்தல் கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் வீட்டுப் பரணை ஒருமுறை ஏறிப் பார்ப்பாராக.